தேய்ந்தது தோலா, பூச்சா? கார் இருக்கைகளின் பராமரிப்பும் பழுதும்

தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூரில் மலையிறங்குகிறது. பழைய கணக்கில் இது 7-ஆம் எண் சாலை. இறக்கமும் வளைவும் சேர்ந்த இந்தக் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகும் வண்டிகள் மீது மோதுவது செய்தித்தாள் படிப்பவர்கள் பல ஆண்டுகளாக அறிந்த துயரம். பத்திரமாக இறங்கும் காருக்குள்ளும் ஒரு தேய்மானம் நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநரின் உடல் பக்கவாட்டில் தள்ளப்பட, இருக்கையின் ஓரத்தில் புடைத்து நிற்கும் திண்டு அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. ஜீன்ஸ் துணி, பெல்ட் பக்கிள், பின்பாக்கெட் பர்ஸ், வியர்வை எல்லாம் அந்த ஒரு சாண் இடத்தில் உரசுகின்றன. டீ குடிக்க வண்டியை நிறுத்தி இறங்கும்போதும் அதே திண்டின் மேல் வழுக்கித்தான் இறங்குகிறோம். சில ஆண்டுகள் ஓடிய காரின் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள். முதலில் வெளுத்திருப்பது இந்த இடமாகத்தான் இருக்கும்.

இதை எப்படிச் சரிசெய்வது என்று விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். கார் வாஷ் கடையில் பளபளப்பான ஒரு பாலிஷைத் தேய்த்து விடுவார்கள். குஷன் கடையில் பழையதை மூடி ரெக்சின் கவர் போட்டுத் தருவார்கள். சர்வீஸ் சென்டரில் உறையையே மாற்றச் சொல்வார்கள். தேய்ந்திருப்பது எது என்று பார்த்துவிட்டு வழி சொல்பவர்கள் குறைவு. பெரும்பாலான தோல் இருக்கைகளில் தேய்ந்திருப்பது தோல் அல்ல, அதன் மேல் பூசிய வண்ணம். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்; நல்ல தோலைக் குப்பையில் போடுவதும் மிச்சம்.

மேலே இருப்பது என்ன?

பச்சைத் தோல் என்பது கொல்லாஜன் என்ற புரத நார்களின் பின்னல். அப்படியே விட்டால் அழுகும், காய்ந்தால் விறைக்கும். அதைக் கெடாமலும் வளையும்படியும் ஆக்குவதே பதனிடுதல். இன்று உலகில் பெரும்பகுதித் தோல் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. கார் இருக்கைத் தோலில் குரோமியத்தைத் தவிர்த்து குளூட்டரால்டிஹைடு கொண்டு பதனிடுவதும் பரவலாக உண்டு. பதனிட்ட தோலை ஏறக்குறைய 1 முதல் 1.4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, சாயமும் எண்ணெய்க் கலவையும் ஏற்றி உலர்த்துவார்கள்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் நமக்கு முக்கியம். தோலின் முகப்பில் நிறமி கலந்த பாலிமர் பூச்சை அடுக்கடுக்காக ஏற்றி, அதன் மேல் நிறமில்லாத பாலியூரிதேன் காப்புப் பூச்சு ஒன்றைப் போடுவார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்குத்தான் வரும். பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெறுமனே ‘தோல்’ என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தர விதி. நாம் உட்காருவதும் துடைப்பதும் தொட்டுப் பார்த்து மகிழ்வதும் இந்த மெல்லிய படலத்தைத்தான். விலை உயர்ந்த சில கார்களில் மட்டும் நிறமிப் பூச்சே இல்லாத அனிலின் தோலும், மிக லேசாகப் பூசிய செமி அனிலின் தோலும் வருகின்றன.

இன்னொரு வகையைத்தான் நம் சாலைகளில் அதிகம் பார்க்கிறோம். அது லெதரெட். துணியின் மேல் பிவிசி அல்லது பாலியூரிதேன் படலம் ஒட்டிய செயற்கைப் பொருள். லாரி இருக்கையிலிருந்து பேருந்து இருக்கைவரை நாம் ரெக்சின் என்று அழைப்பதும் இந்தக் குடும்பம்தான். ‘லெதர் சீட்’ என்று நம்பி வாங்கிய பலருடைய காரில் இருப்பது லெதரெட். கம்பெனியின் பிரோஷரை நிதானமாகப் படித்தால் அப்படித்தான் அச்சாகியிருக்கும். உண்மைத் தோல் வரும் கார்களிலும் உடல் படும் நடுப்பகுதி மட்டும் தோலாகவும், பக்கங்களும் பின்புறமும் வினைலாகவும் இருப்பது வழக்கம். ஆகவே ஒரே இருக்கையில் இரண்டு பொருள்கள், இரண்டு விதமான முதுமை. தோலின் பூச்சு தேய்ந்தால் கீழே நார் இருக்கிறது, அதன் மேல் மறுபடி பூசலாம். பாலியூரிதேன் படலமோ வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வேதியியல் ரீதியாகவே சிதைந்து செதில் செதிலாக உரியும். அப்படி உரியத் தொடங்கியதை எந்தக் களிம்பும் காப்பாற்றாது. அந்தத் துண்டை மாற்றித் தைப்பது ஒன்றே வழி.

தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல், அல்லது பூச்சு தேய்ந்துபோன தோல். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல், அல்லது லெதரெட். இந்த இரண்டில் எது என்று தெரிய உறையின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நார் நாராகத் தெரிந்தால் தோல், நெசவு தெரிந்தால் லெதரெட்.

எண்ணெய் தடவும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் பெரியவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவர்கள் பழகிய தோல் வேறு. தொப்பூர், தருமபுரி பக்கத்து வறண்ட மேட்டு நிலங்களில் தானாக முளைத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் முதுகெலும்பு. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் சேர்த்து முடித்த தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. கமலையில் நீர் இறைத்த தோல் பையும், வண்டி மாட்டின் வாரும், காலில் போட்ட செருப்பும் இப்படிப் பட்டையில் பதனிட்டவையே. அவற்றின் மேல் பிளாஸ்டிக் படலம் எதுவும் கிடையாது. எண்ணெய் தடவினால் உள்ளே இறங்கும், நார் இளகும், வெடிப்பு குறையும். அந்தத் தோலுக்கு அது சரியான வைத்தியம்.

இன்றைய கார் இருக்கையில் அதே எண்ணெய் பூச்சின் மேலேயே தங்குகிறது. தூசியை இழுத்துப் பிடிக்கிறது, நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கிறது, தையல் துளைகளில் கறுப்பாக அடைகிறது. தலைசாய்ப்பான்களைக் கவனித்தால் தெரியும். தலையில் தேய்த்த எண்ணெயும் வியர்வையும் படிந்த இடத்தில் பூச்சு மெதுவாக இளகிப் பிசுபிசுக்கும், பிறகு உரியும். தலையிலிருந்து வரும் எண்ணெயே கேடு செய்யும்போது, கேட்டு வாங்கித் தடவுவது எதற்கு?

கடைகளில் விற்கும் கண்டிஷனர்கள் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். ‘தோலுக்கு ஊட்டம்’ என்பது அவற்றின் விளம்பரம். பூச்சில்லாத அனிலின் தோலுக்கு அது ஓரளவு பொருந்தும். பூச்சுள்ள தோலில் தையல் துளை, விரிசல் வழியாகச் சிறிது உள்ளே போகலாம், அவ்வளவுதான். என் முடிவு இது: பூச்சுள்ள இருக்கைக்குத் தேவை ஊட்டமல்ல, சுத்தம். வருடத்துக்கு இரண்டு முறை தண்ணீர் அடிப்படையிலான காப்புத் திரவம் ஒன்றைத் தடவுவது ஜீன்ஸ் சாயம் ஏறாமலிருக்க உதவும். சிலிகான் கலந்த பளபளப்புப் பொருள்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். இருக்கை வழுக்கும். பின்னாளில் வண்ணம் பூச நேர்ந்தால் அந்த இடத்தில் பூச்சு ஒட்டாது.

அழுக்கும் வெயிலும்

தேய்மானத்தில் பெரும்பங்கு அழுக்கினால் வருகிறது. சாலைப் புழுதியில் உள்ள நுண்ணிய மணல் துகள்கள் பூச்சின் வரிக் குழிகளில் படிகின்றன. அதன் மேல் உட்கார்ந்து அசையும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் தேய்த்த வேலை நடக்கிறது. ‘தேய்ந்துவிட்டது’ என்று நினைக்கும் பல இருக்கைகள் உண்மையில் வெறும் அழுக்கேறியவை. பழுப்பு வெள்ளை இருக்கையில் சாம்பல் நிறமாகத் தெரிவதைத் துடைத்துப் பார்க்காமல் வண்ணம் பூசக் கொடுக்கக் கூடாது.

வெயில் இன்னொரு எதிரி. வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களை அரிசோனாவில் அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸுக்கும் இருக்கைகள் 51 டிகிரிக்கும் ஏறியிருந்தன. சித்திரை வெயிலில் தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கு இந்த எண்கள் வியப்பாக இருக்காது. சூடும் புற ஊதாக் கதிரும் பூச்சின் இளகும் தன்மையைப் பறிக்கின்றன. விறைத்துப்போன பூச்சு, உட்காரும்போது மடங்குகிற கோடுகளில்தான் முதலில் வெடிக்கிறது. கண்ணாடிக்குள் வைக்கும் சாதாரண வெயில் தடுப்பு அட்டை எந்த விலையுயர்ந்த கிரீமையும்விடப் பெரிய உதவி செய்யும்.

சுத்தம் செய்யும் முறை எளிது; பொறுமைதான் வேண்டும். முதலில் மென்மையான பிரஷ் முனையுள்ள வாக்குவம் கொண்டு தையல் இடுக்குகளிலிருந்து மணலை எடுக்க வேண்டும். மணல் இருக்கும்போது ஈரத்துணி வைத்தால் அந்த மணலாலேயே கீறுவோம். தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை கொண்டது. அதனால் நடுநிலையான, காரம் இல்லாத தோல் கிளீனர்தான் பொருத்தம். அதை நேராக இருக்கையில் ஊற்றாமல் பிரஷில் எடுத்து நுரையாக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு கை அகலம் போதும். மென்மையான குதிரைமுடி பிரஷால் வட்டமாகத் தேய்க்கும்போது வெள்ளை நுரை தேநீர் நிறமாக மாறும். அதுதான் வரிக் குழிகளிலிருந்து அழுக்கு கிளம்பியதற்கு அடையாளம். அது காய்வதற்குள் ஈர மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து நிழலில் உலர விட வேண்டும். காற்று வரும் துளையிட்ட இருக்கைகளில் நுரை துளைக்குள் இறங்காமல் துணியில் எடுத்துத்தான் துடைக்க வேண்டும்; உள்ளே மின்விசிறியும் ஒயரும் இருக்கின்றன.

கறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மஞ்சள் கறையைச் சுரண்ட வேண்டாம். மேலோட்டமாகச் சுத்தம் செய்துவிட்டு வெளிச்சம் படும்படி விட்டால் சில நாளில் தானாகவே மங்கும், மஞ்சளின் நிறப்பொருள் ஒளியைத் தாங்காது. குங்குமத்தை ஈரப்படுத்தாமல் முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். பேனா மை பூச்சுக்குள் ஊறிவிடும். நாள் கழித்துப் பார்த்தால் வண்ணம் பூசித்தான் மறைக்க வேண்டியிருக்கும். மலைப்பாதை வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுப்பது சகஜம். அதை ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. அமிலமும் புரதமும் தையலுக்குள் இறங்கினால் வாடை ஃபோமில் தங்கிவிடும். வண்டியில் ஒரு பழைய காட்டன் துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தால் போதும், அங்கேயே முடிந்துவிடும்.

தொடவே கூடாதவை: நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய், பிளீச்சிங் திரவம், பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர். ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் மெலமின் பஞ்சும் மிக நுண்ணிய உப்புத்தாள்தான். கறையோடு பூச்சையும் எடுக்கும். ஷூ பாலிஷ் போட்டுக் கறுப்பாக்குவது இன்னொரு பழக்கம். அடுத்த கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்காருபவர் அதன் விலையைக் கொடுப்பார்.

பழுது பார்க்கும் படிகள்

சுத்தம் செய்த பிறகும் நிறம் போய் வெளுத்துத் தெரிந்தால்தான் பழுது வேலை. இதில் ஆழத்தைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

காப்புப் பூச்சும் நிறமும் மட்டும் தேய்ந்த இடம்தான் பெரும்பாலோருக்கு இருக்கும் பிரச்சினை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையை எடுத்து, 400 அல்லது 600 எண் உப்புத்தாளால் லேசாக உரசி, பொருத்தமான நிறமிச் சாயத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் நிச்சயம் வெடிக்கும். மெல்லிய பூச்சுகளாக நான்கைந்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஹேர் டிரையரால் உலர்த்தி ஏற்றுவதே முறை. கடைசியில் காப்புப் பூச்சு. அதன் பளபளப்பைப் பக்கத்து இருக்கையின் மங்கலோடு ஒத்துப்போகச் செய்வதில்தான் கைத்திறன் தெரியும். ஒரு முழு நாளாவது யாரும் உட்காரக் கூடாது.

நிறம் பொருத்துவது தனிக் கலை. கம்பெனி நிறக் குறியீடு உதவுவது குறைவு, ஏனென்றால் இருக்கை வெயிலில் ஏற்கெனவே மாறியிருக்கும். இருக்கும் நிறத்துக்குத்தான் கலக்க வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில். கறுப்பு எளிது. பழுப்பு வெள்ளையில் மஞ்சள், சிவப்பு, கறுப்புத் துளிகளின் அளவு சற்றே பிசகினாலும் திட்டாகத் தெரியும். நம் ஊர்ப் புழுதிக்கும் எண்ணெய்த் தலைக்கும் பழுப்பு வெள்ளை இருக்கைகளை ஏன் இவ்வளவு விரும்புகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. புதுக் கார் வாங்குபவர்கள் ஷோரூம் விளக்கில் மயங்காமல் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

விரிசல் விழுந்திருந்தால், தூக்கிக்கொண்டிருக்கும் ஓரங்களை உரசிச் சமன் செய்து, வளையும் தன்மையுள்ள தோல் நிரப்பியைப் படலம் படலமாக வைத்து, பிறகு வண்ணம். கிழிசலாக இருந்தால் மேலிருந்து ஒட்டக் கூடாது. ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை கல்லாக இறுகி, அதன் விளிம்பிலேயே மறுபடி கிழியும். வளையும் பசைதான் வேண்டும். கிழிசலைவிடச் சற்றுப் பெரிய துணித்துண்டை முனை மழுங்கிய இடுக்கியால் உள்ளே செருகி, சுருக்கமின்றி விரித்து, தோலின் அடிப்பக்கத்தோடு அதை ஒட்டி, இரண்டு உதடுகளையும் நெருக்கிச் சேர்க்க வேண்டும். இடைவெளியை நிரப்பியால் அடைத்து, காய்வதற்கு முன் தோல்வரி அச்சை அழுத்தி எடுத்தால் தோலின் வரிகள் தொடர்ந்து வரும். இவ்வளவு செய்தாலும் உடல் எடை முழுக்க இறங்கும் இடத்தில் பெரிய கிழிசல் நிலைக்காது. அங்கே அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்து, புதுத் தோலில் வெட்டித் தைப்பதே நேர்மையான வேலை. தையல் மட்டும் விட்டிருந்தால் தோலைத் தொடவே வேண்டாம். உறையைக் கழற்றிப் பழைய துளைகளிலேயே கெட்டியான நைலான் அல்லது பாலியஸ்டர் நூலால் மறுதையல் போட்டால் போதும். இறங்கிப்போன திண்டுக்கு ஃபோம் சேர்க்காமல் மேலே எத்தனை வண்ணம் பூசினாலும் அதே சுருக்கத்தில் மறுபடி வெடிக்கும்.

இந்தத் தையல் வேலையில் நம் குஷன் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். லாரிகள் பெருகிய நாமக்கல், சங்ககிரி, சேலம் வட்டாரத்தில் நெடுஞ்சாலை ஓரம் ‘குஷன் ஒர்க்ஸ்’ பலகை பார்க்காமல் போக முடியாது. இருக்கையைக் கழற்றி, உறையை உரித்து, பழைய துண்டையே அளவாக வைத்து வெட்டி, மாலைக்குள் தைத்து மாட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது நிறமியும் காப்புப் பூச்சும் பற்றிய பயிற்சி. அதனால்தான் வெறும் வண்ணம் போன இருக்கைக்கும் புது உறை போடச் சொல்கிறார்கள். நிறம் பூசிக் கொடுக்கும் கடைகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கோவை போன்ற நகரங்களில்தான்.

கவர் போடுவதில் ஆபத்தும் இருக்கிறது. இன்று பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் முன் இருக்கையின் முதுகுப் பக்க ஓரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் ‘ஏர்பேக்’ என்ற சிறிய துணிச் சீட்டு தைத்திருக்கும். அதன் மேல் ரெக்சின் கவரை இறுக்கித் தைத்தால் விபத்தில் பை சரியான நேரத்தில் சரியான திசையில் விரியாது. அதே இடத்து உறைத் தையல் கிழிவதற்கென்றே தனி நூலில் போடப்பட்டது. அதைக் கெட்டி நூலால் ‘பலமாக’ மறுதையல் போடுவதும் அதே அளவு ஆபத்து. தீ பரவும் வேகத்துக்கும் ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. கம்பெனி இருக்கைகள் அதற்கு உட்பட்டவை. மலிவு ரெக்சினை வாங்கும்போது அதை யாரும் கேட்பதில்லை. தொப்பூர் போன்ற சாலையில் தினம் போய்வருபவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

காப்புப் பூச்சு தெளிப்பவர்களின் நுரையீரலையும் பேச வேண்டும். பூச்சை இறுகச் செய்யக் கலக்கும் சில ஐசோசயனேட் பொருள்கள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. கைக்குட்டை கட்டிக்கொண்டு மூடிய அறையில் ஸ்பிரே அடிப்பது பாதுகாப்பல்ல. தகுந்த முகமூடியும் கையுறையும் காற்றோட்டமும் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும்.

ஏன் மாற்றாமல் பழுது பார்க்க வேண்டும்?

செலவு ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் பாலாற்றுக் கரையில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதை வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், 1996-இல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. தொப்பூரில் பிரிந்து மேட்டூர், பவானி வழியாகப் போகும் சாலை சென்று சேரும் ஈரோடும் தோல் தொழில் ஊர்தான். அங்கும் ஆற்று நீர் பற்றிய அதே கவலை உண்டு. இப்படி ஒரு விலை கொடுத்து உருவான தோலை, மேலே வண்ணம் போய்விட்டது என்பதற்காகக் கழற்றி எறிவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். கீழே இருக்கும் தோல் பெரும்பாலும் காரின் ஆயுளைத் தாண்டி நிற்கும்.

இதற்கு வேண்டிய அறிவும் நம்மிடமே இருக்கிறது. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஒய். நாயுடம்மா போன்றவர்கள் வளர்த்தெடுத்த உலகத் தரமான நிறுவனம். தோல் ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் அது செய்த உதவி பெரிது. நெடுஞ்சாலை ஓரக் குஷன் கடைக்காரருக்கும் அந்த அறிவு வந்து சேர வேண்டும். தருமபுரி, சேலம் அரசு ஐ.டி.ஐ.களோடு சேர்ந்து, நிறமி கலப்பது, விரிசல் நிரப்புவது, காப்புப் பூச்சைப் பாதுகாப்பாகத் தெளிப்பது, ஏர்பேக் உள்ள இருக்கையை அடையாளம் காண்பது ஆகியவற்றை ஒரு குறுகிய காலப் பயிற்சியாக அந்த நிறுவனம் நடத்த வேண்டும். தைக்கத் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருக்கின்றன, பூசக் கற்றுக்கொடுங்கள்.